ஹட்டனில் ஏறிய தஞ்சாவூர் வித்துவான்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் தஞ்சாவூரிலிருந்து ஒரு நாதஸ்வர வித்துவான் வருவார். அவர் எங்கள் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, அதே லயத்தில் குடியிருந்தவர். இதில் முரண்பாடு ஏதும் எங்களுக்குத் தெரியவில்லை.

திருவிழாவன்று காலை அவர் ஒரு தகரப் பெட்டியோடு பஸ் பிடித்து ஹட்டனுக்குப் போவார். அங்கே ரயிலேறி, அடுத்த ஸ்டேஷனான கொட்டகலையில் இறங்குவார். இந்தியாவிலிருந்து கப்பலில் தலைமன்னார் வந்து, அங்கிருந்து இரவெல்லாம் ரயிலில் வந்தவரைப் போலக் களைப்பாக இறங்க வேண்டும் என்பது கமிட்டியின் ஏற்பாடு. நாங்கள் தப்படித்து வரவேற்று மாலை போடுவோம். அந்த மாலையைக் கட்டிக் கொடுப்பவர் அவருடைய மனைவி.

நான் அப்போது தோட்டத்து ஆபீசில் கிளார்க். எழுதத் தெரிந்த பாவத்துக்குத் திருவிழாக் கமிட்டியின் செயலாளரும் நானே. ‘கடல் கடந்து வருகை தரும் தஞ்சை நாதஸ்வரச் சக்கரவர்த்தி’ என்று நோட்டீசில் எழுதியது என் கைதான். உள்ளூர்க்காரர் என்று போட்டால் பக்கத்துத் தோட்டத்தான் சிரிப்பான் என்பது கமிட்டித் தலைவரான பெரிய கங்காணியின் கருத்து. நானும் மறுக்கவில்லை. சக்கரவர்த்தி என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வருடம் உண்மையாகவே தஞ்சாவூரிலிருந்து ஒரு தவில்காரர் வந்து, இவருடைய தோடியைக் கேட்டு அசந்துபோனார். ஊர் திரும்பியதும் கடிதம் போட்டார்: எங்கள் கோவில் உற்சவத்தில் நீங்கள் வாசிக்க வேண்டும். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வித்துவான் என்னிடம் வந்தார்.

“ஒரு தடவ அங்க வாசிச்சிட்டு வந்துரணுங்க, கிளாக்கரய்யா. போறது பெரிசில்ல. திரும்ப விடுவாங்களா?”

அதுதான் சிக்கல். இங்கேயே பிறந்தாலும் தோட்டத்துச் சனத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடையாது. அது இல்லாதவர் போகலாம், வருவது சந்தேகம். லயத்தில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். பிரஜாவுரிமைக்கு ஏற்கெனவே மனுப் போட்டிருந்தார். விசாரணைக் கடிதமும் அந்த மாதம்தான் வந்திருந்தது. இத்தனை வருடம் இலங்கையைவிட்டு நீங்காமல் வசித்ததற்கு ஆதாரம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அதனால் அவர் பிறந்தது நிரூபணமாகும். பிறந்தபின் இங்கேயே இருந்தார் என்பது நிரூபணமாகாது. மற்றவர்களுக்கு செக்ரோல் இருந்தது, அன்றாடம் வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர்போடும் அந்தப் புத்தகமே அவர்களுக்கு வேதம். இவர் கொழுந்து நிரம்பும் மாதத்தில் ஊர் ஊராய் வாசிக்கப் போகிறார் என்று தோட்டத்தை நடத்தும் துரை எப்போதோ பெயரை வெட்டிவிட்டார். சேமலாப நிதியும் பென்ஷனும் இல்லாத தொழில் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்ததற்கான சாட்சியும் இல்லாத தொழில் என்பதை அன்றுதான் கண்டேன்.

அப்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. திருவிழா நோட்டீஸ்! ஒரு வருடம்கூட விடாமல் அச்சிட்டது, தேதி போட்டது, அவர் பெயர் உள்ளது. என் கோப்பிலிருந்து அத்தனையையும் எடுத்து, வரிசையாக நூல் கோத்து, மேலே அட்டவணையும் எழுதி வைத்தேன். அவ்வளவு அழகான இணைப்பை அந்தப் பிரஜாவுரிமைக் கந்தோர் பார்த்திருக்காது.

விசாரணைக்கு நானும் துணையாகப் போயிருந்தேன். அதிகாரி அதை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ‘கடல் கடந்து’ என்பதைக் குரல் உயர்த்தியே வாசித்தார்.

“வருடா வருடம் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறீர்கள்?”

“இல்லீங்க. ஹட்டன்லருந்து.”

“தஞ்சாவூர் என்று இருக்கிறதே?”

வித்துவான் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, அதை எழுதியது நான், அது விளம்பரத்துக்காகச் சொன்னது என்றேன்.

“அப்படியானால் ஊர் பொய், தேதி மட்டும் உண்மையா?” என்றார் அதிகாரி. கோபமேயில்லாமல் கேட்டார். நானே அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மனு நிராகரிக்கப்பட்டது. செக்ரோலில் பழைய பெயரை மீண்டும் சேர்க்க முடியுமா என்று துரையைக் கேட்டேன். வேலை செய்யாதவரைச் செய்ததாக எழுதுவது பொய் என்றார். பொய் எழுதுவதில் எனக்கிருந்த அனுபவத்தை அவரிடம் சொல்லவில்லை. இந்தியப் பக்கமும் பாஸ்போர்ட்டுக்கு முயன்றோம். நோட்டீஸ் செல்லாது, சொந்த ஊர்ச் சான்று வேண்டும் என்றார்கள். இலங்கை வரிக்கு வரி நம்பிய நோட்டீசை இந்தியா தொட்டும் பார்க்கவில்லை.

தவில்காரருக்கு, இவ்வருடம் வசதிப்படவில்லை என்று பதில் எழுதச் சொன்னார் வித்துவான். எழுதினேன்.

அடுத்த திருவிழாவுக்கு ‘நமது தோட்டத்து வித்துவான்’ என்று எழுதிக்கொண்டு கமிட்டிக்குப் போனேன். கங்காணி படித்துவிட்டு, “என்னங்கய்யா, கூட்டத்த வெரட்டவா நோட்டீசு?” என்றார். வித்துவானே என் கையைப் பிடித்தார்.

“தஞ்சாவூர்னே போடுங்கய்யா. பொய்யின்னு விசாரண ஆபீசுல சொன்னது போதும். ஊருக்குள்ளயும் சொல்லணுமா?”

பழையபடியே எழுதினேன். அந்த வருடம் ஹட்டனுக்கு நானும் கூடப் போனேன். டிக்கெட்டை வாங்கிக் கொடுத்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கொட்டகலைக்குப் போனா திரும்பி வரலாமில்ல, கிளாக்கரய்யா?”

எல்லா விதிமுறையும் தெரிந்த நான், வரலாம் என்றேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்.