சேரன்மகாதேவிக்கு இருபது ரூபாய் டிக்கெட்டும், தொடர்பில் இல்லாத இசக்கியம்மாளும்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை திருநெல்வேலிக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு, அதில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஆட்டக்காரர்களுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சென்னையில் பாடம் நடத்துவதும், விளையாட்டுக் காயங்களை ஆராய்வதும்தான் என் பிழைப்பு. அருவியும் அல்வாவும் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இந்தத் தடவை எழுத வேண்டியது வேறு. எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இந்த மாவட்டத்துக் கபடிப் பெண்களை வைத்துத்தான் என் பெரிய ஆராய்ச்சியைச் செய்தேன். முழங்கால் மூட்டைக் காப்பாற்ற ஆறு பயிற்சிகள். இவற்றைச் செய்த யாருக்கும் மூட்டில் பெரிய அடி இல்லை என்று கட்டுரை எழுதினேன். பேராசிரியர் பதவி அதனால் வந்தது. ஆறு பயிற்சிகளையும் படம் போட்டு நோட்டீஸாக அச்சடித்தோம். பல பள்ளிகளில் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். சனிக்கிழமை வகுப்பிலும் அதைத்தான் பெருமையாக விளக்கினேன்.

தேநீர் இடைவேளையில், ஐம்பது வயதிருக்கும், ஒரு உடற்கல்வி ஆசிரியர் பக்கத்தில் வந்து நின்றார்.

“மேடம், உங்க ஆராய்ச்சில எங்க ஊர்ப் பிள்ளையளும் உண்டுல்லா? இசக்கியம்மாள்னு ஒரு பிள்ளைக்கு முட்டு போச்சே. அது உங்க கணக்குல வருதா?”

“அவங்க பாதியிலேயே தொடர்பில் இல்லாமப் போயிட்டாங்க சார்” என்றேன். கூசாமல் சொன்னேன். எந்த ஆராய்ச்சித் தாளிலும் ‘தொடர்பில் இல்லை’ என்று ஒரு கட்டம் உண்டு. ஊர் மாறியவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள், கண்டுபிடிக்க முடியாதவர்களையெல்லாம் அதில் போட்டுவிடுவோம். அவர்கள் முடிவில் சேரமாட்டார்கள்.

அவர் சண்டைக்கு வரவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “தொடர்பு இல்லையா? சேரன்மாதேவிக்கு அங்கிட்டு, அதே வீட்லதான இருக்கா. பஸ்ல ஏறுனா முக்கா மணி நேரம் மேடம்.” என் கையிலிருந்த தாளை வாங்கி, பின்பக்கத்தில் வழியும் தன் போன் எண்ணும் எழுதிக் கொடுத்தார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இசக்கிக்கு அடிபட்ட அன்றைக்கு நடந்தது எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. நான்காவது பயிற்சி, ஒரு தாழ்வான மரப்பெட்டியிலிருந்து குதித்து, கால் தரையில் பட்டதும் மறுபடி எம்புவது. பெட்டி லாரியில் வந்து சேரவில்லை என்று என் ஆராய்ச்சி மாணவி அந்த ஊர்ப் பள்ளி மைதானத்திலிருந்து போன் செய்தாள். வகுப்பறை பெஞ்சைப் போட்டுச் செய்யச் சொன்னேன். பெஞ்சு பெட்டியைவிட ஒன்றரை மடங்கு உயரம். சித்திரை வெயிலில் தரை கல்லாக இறுகிக் கிடந்தது. ஒரு மணி நேரத்தில் மறுபடி போன். இசக்கி குதித்தபோது மூட்டு திரும்பிவிட்டது, கத்துகிறாள் என்று மாணவி அழுதாள். “மத்தவங்க முடிச்சுட்டாங்களா?” என்பதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. சாயங்காலம், “அவ இனிமே வரமாட்டா. தொடர்பில் இல்லைன்னு போட்டுடு” என்றேன்.

திங்கட்கிழமை கிளம்பினேன். பாளையங்கோட்டையிலிருந்து காலை 7.10க்கு டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். 7.35க்குப் புதிய பேருந்து நிலையம். பாபநாசம் போகிற பஸ் 7.50க்கு எடுத்தார்கள். சேரன்மகாதேவிக்கு இருபது ரூபாய், இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், பேட்டை தாண்டினால் வயலும் வாய்க்காலும் கூடவே வரும். பத்தமடையில் கோரைப்பாய்க் கட்டோடு இரண்டு பேர் ஏறினார்கள். 8.40க்கு இறங்கிவிட்டேன். ஐம்பதே நிமிடம். இந்த ஒன்பது வருடத்தில் மாநாடு என்று நான் எத்தனை விமானம் ஏறியிருப்பேன் என்று நினைத்தேன்.

அங்கிருந்து ஆட்டோ, நான்கு கிலோமீட்டர், நூறு ரூபாய் கேட்டார். பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

“கபடி இசக்கி வீடுதான? முட்டு போன பிள்ளை?”

“ஆமா. உங்களுக்குத் தெரியுமா?”

“இங்கன யாருக்குத் தெரியாது? ஏறுங்கக்கா.”

இசக்கியம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் பீடி இலை பரப்பிய சுளகு. வலது காலை மடக்கி, இடது காலை நேராக நீட்டியிருந்தாள். அந்தக் கால் மடங்காது என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதானே என் படிப்பு.

“டீச்சர்லா. வாங்க, வாங்க. சாப்ட்டியளா?” சுளகை இறக்கிவைத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து உள்ளேயிருந்து நாற்காலி எடுத்து வந்தாள். மறுபடி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அவளே பேசினாள்.

“உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனைச்சேன் டீச்சர். அன்னைக்கு நான் ஒழுங்கா குதிக்கல. அடுத்த வாரம் யுனிவர்சிட்டி டீமுக்குத் தேர்வு, அந்த நெனப்புல குதிச்சிட்டேன். உங்க ஆராய்ச்சியக் கெடுத்துட்டேனோன்னு பயந்துட்டேன். அதான நீங்க அப்புறம் வரவே இல்ல?”

என் வாழ்க்கையில் அப்படி நான் கூனிக்குறுகிப் போனதில்லை. அடிபட்டவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டு, நல்ல பெயரோடு பஸ் ஏறிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

“எங்க அக்கா மவ இப்ப, நாங்க குதிச்ச அதே பள்ளிக்கூடத்துல ஆடுதா” என்றாள். “உங்க நோட்டீஸப் பாத்துதான் செய்யுதாவ. தெனமும் சொல்லித்தான் அனுப்புதேன், நாலாவது செய்யும்போது கவனமா குதிட்டி, சித்தி மாதிரி தப்பா குதிச்சிராதன்னு.”

“எதிலேர்ந்து குதிக்கிறா?”

“பெஞ்சுலேர்ந்துதான். நோட்டீஸ்ல போட்டிருக்குல்லா.”

போட்டிருக்கிறது. ‘பெட்டி அல்லது பெஞ்சு’ என்று எழுதியது நான்தான். அன்று எல்லோரும் பெஞ்சில்தானே செய்தார்கள், அதையும் சேர்க்காவிட்டால் யாராவது கேட்பார்களே என்று சேர்த்தேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி வராதது, பெஞ்சு உயரம், போனில் நான் கேட்ட கேள்வி, தொடர்பில் இல்லை என்று போடச் சொன்னது. “நீ சரியாத்தான் குதிச்சே. தப்பு என்னோடது” என்றேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. நீட்டிய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒம்பது வருசமா நான்தான் தப்புன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன் டீச்சர்” என்றாள். பிறகு, “முதல்ல பள்ளிக்கூடத்துக்குப் போன் போடுங்க. பிள்ளையள் சாயங்காலம் குதிக்கும்.”

தேநீர் இடைவேளையில் என்னிடம் கேட்டாரே, அந்த ஆசிரியருக்கே அவள் முன்னால் போன் போட்டேன். அந்தப் பள்ளியின் ஆசிரியரிடம் பேசி உடனே நிறுத்தச் சொல்வதாகச் சொன்னார். அவள் மூட்டைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “வேண்டாம். வேற டாக்டர் யாரையாவது சொல்லுங்க, காட்டுதேன்” என்றாள். எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது, “பேரு போடாட்டாலும் பரவால்ல, என்னையக் கணக்குல சேத்துருங்க” என்றாள். இங்கே பெயரோடு எழுத அனுமதி கேட்டேன், எழுதுங்கள் என்றாள்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: காலை வெயிலுக்கு முன் பஸ் ஏறிவிடுங்கள். திரும்ப வரும்போது சேரன்மகாதேவியில் கால் மணிக்கொரு பஸ் கிடைத்தது. என் நோட்டீஸ் உங்கள் பள்ளிச் சுவரில் இருந்தால் நான்காவது பயிற்சியை இன்றே அடித்துவிடுங்கள். ‘தொடர்பில் இல்லை’ என்று தாளில் எழுதும் மாணவர்கள் முதலில் அந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று விசாரியுங்கள்.

மதியம் மூன்று மணிக்குத் திருநெல்வேலி ஜங்ஷன் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, கட்டுரை வெளியிட்ட இதழுக்கு ஆங்கிலத்தில் திருத்தக் கடிதம் எழுதினேன். அனுப்புவதற்கு முன் இசக்கியம்மாளுக்குப் போன் செய்து, தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். ‘பயிற்சியின்போது துரதிர்ஷ்டவசமாக ஒரு வீராங்கனைக்கு மூட்டில் பலத்த காயம் ஏற்பட்டது’ என்ற இடத்தில் நிறுத்தினாள்.

“துரதிர்ஷ்டம்னு எதுக்கு டீச்சர் போட்டிருக்கிய? நீங்கதான பெஞ்சு போடச் சொன்னிய.”

அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ‘நான் சொன்னபடி பெஞ்சிலிருந்து குதித்ததால்’ என்று எழுதி மறுபடி வாசித்தேன்.

“ம். இப்ப அனுப்புங்க” என்றாள்.