இத்தாலி அண்ணைக்கு முதுகு கொடுத்தவன்

சினிமாவில் முகம் உள்ளவருக்கு ஹீற்றர் போட்ட கரவன் வண்டி, முதுகு மட்டும் உள்ளவனுக்குப் பனி: எங்கள் தொழிலில் இதற்கு மேல் படிக்க ஒன்றுமில்லை.

கலியாண வீட்டுப் படங்களில் எப்போதும் கடைசி வரிசையில் நின்று, முன்னால் நிற்கும் மாமியின் கொண்டைக்குப் பின்னால் காணாமல் போகிறவரா நீங்கள்? அப்படியானால் கிட்ட வாருங்கள், நாம் ஒரே கூட்டம். ஒஸ்லோவில் பஸ் ஓட்டிப் பென்சன் எடுத்த பிறகு, வீட்டில் இருந்தால் மனிசி வெங்காயம் உரிக்க விடுவாள் என்ற பயத்தில், நோர்வேப் படங்களில் கூட்டத்தோடு நிற்கப் போனேன். ஒரு படத்தில் கொலைகாரனின் முதுகாக வந்தேன். அது வெளியான பிறகு ட்ராமில் எனக்குப் பின் சீற்றில் இருந்தவர்கள் எல்லாரும் எழும்பி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்கள். நம்ப விருப்பமுள்ளவர்கள் நம்பலாம்.

முதுகுப் பரீட்சை

ஒருநாள் வயதான ஆண்களை எல்லாம் கூப்பிட்டு, சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். இத்தாலியிலிருந்து ஒரு பழம்பெரும் நடிகர் வருகிறார், ஒஸ்லோவில் கிழடாகிப்போன ஒரு இத்தாலிப் பாதிரியாராக நடிக்கப் போகிறார், அவருடைய முழங்கால் பனியில் நிற்காது, ஆகவே தூரத்துக் காட்சிகளுக்கு அதே உயரமும் அதே கூனலும் அதே வழுக்கையும் உள்ள ஒருவர் தேவை. விசயம் அவ்வளவுதான்.

இங்ரிட் என்ற இளம் பெண்தான் இயக்குநர். மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், என்னிடம் வந்ததும் நின்றுவிட்டாள். "இதுதான்! இதேதான்!" என்று கத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெண் என்னைக் கண்டு அப்படிக் கத்துகிறாள். பல்லை எல்லாம் காட்டிக்கொண்டு திரும்பப் போனேன். அவள் அவசரமாக என் தோளைப் பிடித்து அழுத்திச் சொன்னாள்:

"தயவுசெய்து முன்பக்கம் திரும்ப வேண்டாம். எல்லாம் கெட்டுவிடும்."

செத்துச் செத்துப் பிழைத்தவர்

அந்த இத்தாலி நடிகர் ரெனாத்தோவுக்கு எண்பது தாண்டிவிட்டது. என் மனிசி திரேசா வைத்த பெயர் இத்தாலி அண்ணை. அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இங்கிலிஷ். அதை இங்கே எங்கள் தமிழாக்கித் தருகிறேன். அவர் வந்து மறுத்துச் சொல்லப்போவதில்லை.

இளவயதில் குதிரையிலிருந்து விழுவதற்கென்றே அவரைக் கவ்போய்ப் படங்களில் சேர்த்தார்களாம். ஆள் பற்றாமல் ஒரு படத்தின் துப்பாக்கிச் சண்டையில் காலையில் ஒரு பக்கத்துக்கும் பின்னேரம் மற்றப் பக்கத்துக்கும் நடித்து, படத்தை ஒட்டிப் பார்த்தபோது தன்னைத் தானே சுட்டுச் செத்திருந்தாராம். பிறகு மீசை வைத்துக் கள்ளக்கடத்தல்காரன். தலை நரைத்ததும் நீதிபதி. முழங்கால் போனதும் பாதிரியார்.

இத்தனை படங்களிலும் ஒன்றில்கூட அவருடைய குரல் இல்லை. படம் எடுத்து முடிந்தபின் வேறொருவர் குரல் கொடுப்பது அந்த நாளில் அங்கே வழக்கம். கொடுத்தவருக்குத் தேன் குரல், இவருக்குத் தகரத்தில் ஆணி இழுத்த குரல். சந்தையில் மீன் விலை கேட்டால் மீன்காரி, "உமக்கு அந்த நடிகரின்ரை முகவெட்டு இருக்கு, குரல்தான் கொஞ்சமும் பொருந்தேல்லை" என்பாளாம்.

எங்கள் படத்தில் நடிக்கும்போதே குரலையும் பதிந்தார்கள். ஆனால் தயாரிப்பாளர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முகத்தைச் சுளித்தபடியே இருந்தார். கடைசிக் காட்சியைக் கேட்டுவிட்டுத்தான் வேறு குரல் போடுவதா இல்லையா என்று சொல்வாராம். அதைக் கேட்ட அண்ணை, தொண்டைக்கு ஒரு இனிப்பைப் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"சாகிற சீன் எல்லாம் நடிச்சிட்டன், அருலப்போ. உண்மையாச் சாகிறதுக்கு முதல் ஒருக்கா என்ரை வாயாலை கதைச்சிட்டுப் போக வேணும்."

அருலப்போ என்றது என்னைத்தான். அருளப்பு அவர் வாயில் அப்படி ஆகிவிட்டது.

இரண்டு சுவாமிகள்

ஹவுகெட்டோ ரயில் ஸ்ரேசனில் படப்பிடிப்பு. அவருக்கும் எனக்கும் ஒரே மாதிரிக் கறுத்த அங்கி. நான் பிளாற்போமில் தண்டவாளத்தைப் பார்த்து நின்றபோது பின்னால், "சுவாமி, ஆசீர்வாதம் தாருங்கோ. நாளைக்கு மகளுக்குப் பிரசவம்" என்று ஒரு குரல். எங்கள் மாதா கோயிலுக்கு வருகிற றீத்தாக்கா, என்னை எங்கள் பாதிரியார் என்று நினைத்து ஐஸ் தரையில் முழங்காலில் நிற்கிறார். நான் திரும்பினேன்.

"அட கடவுளே, அருளப்புவே! உமக்கு ஒரு வெக்கம் இல்லையே? உந்த அங்கியை இப்பவே கழட்டும்!"

உள்ளே குளிருக்கு மனிசியின் கம்பளிச் சட்டை போட்டிருந்ததால் கழற்ற முடியாத நிலை. அதற்குள் அண்ணை நொண்டி நொண்டி வந்து, றீத்தாக்காவின் தலையில் கை வைத்து, கண்ணை மூடி, முகத்தை வானத்துக்கு உயர்த்தி, ஒரு ரயில் வந்து போகும்வரை ஆசீர்வதித்தார். அவரும் நடிகர்தான் என்று நான் காதுக்குள் சொன்னேன். றீத்தாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்:

"நடிகரெண்டால் இருக்கட்டும். எங்கடை சுவாமி மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டெல்லோ ஆசீர்வதிக்கிறவர்."

நண்டும் சீயும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணையை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தேன். திரேசா நண்டுக்கறி வைத்திருந்தாள். முதல் வாய் வைத்ததும் அவர் கண்ணில் தண்ணீர். "சீ!" என்றார். இன்னொரு வாய். "சீ, சீ, சீ!"

திரேசா அகப்பையோடு வந்தாள். "இஞ்சாருங்கோ, பிடிக்காட்டி வைச்சிட்டு எழும்பச் சொல்லுங்கோ. விடியத் துவங்கி நிண்டு சமைச்ச எனக்கு முன்னாலை என்ன சீ?"

இத்தாலியில் ஆம் என்பதற்கு அதுதான் சொல் என்று நான் விளக்கினேன். அண்ணைக்கும் விசயம் விளங்கிச் சிரித்தார். பிறகு என் தலையில் ஒரு குண்டைப் போட்டார். ஆம் என்பதற்கு நாங்கள் சொல்கிற 'ஓம்' சாமி கும்பிடுகிற சொல் என்றுதான் அவர் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாராம். திரேசா ரெலிபோனில் என்ன சொன்னாலும் நான் ஓம், ஓம், ஓம் என்பதைக் கேட்டு, பாவம், இந்த மனிசன் இடைவிடாமல் செபிக்கிறானே என்று உருகியிருக்கிறார். மனிசிக்குப் பயந்து சொல்வதும் ஒருவகைச் செபம்தான் என்றேன்.

"என்ரை வீட்டிலை ஓம் எண்டுதான் சொல்ல வேணும்" என்று திரேசா சட்டம் போட்டாள். இன்னும் நண்டு? "ஓம்." இன்னும் சோறு? "ஓம்." அவருடைய முகம் சிவந்து, பெல்ற் இரண்டு ஓட்டை தளர்ந்து, மூச்சு வாங்கியது. பாவம், வேண்டாம் என்பதையும் சொல்லிக் கொடு என்று கெஞ்சினேன். திரேசா இன்னொரு நண்டுக்காலை வைத்தாள்:

"அதை அடுத்த கிழமை படிப்பிப்பம். இண்டைக்கு நல்லாச் சாப்பிடட்டும்."

கடைசிச் சொல்

கடைசிக் காட்சி இதுதான்: பனி கொட்டுகிற பிளாற்போமில் பாதிரியார் தனியாக நிற்கிறார். அவர் வளர்த்த பெண் பின்னால் வந்து, "வீட்டுக்கு வாறீங்களா?" என்று கேட்கிறாள். அவர் தன் பாசையில் "சீ" என்கிறார். அந்த ஒரு சொல்லில்தான் அண்ணையின் குரல் தப்புவதும் தப்பாததும் இருந்தது.

அன்று பார்த்து முழங்கால் அடியோடு மறுத்துவிட்டது. இங்ரிட் யோசித்து, என்னைப் பனியில் நிறுத்தி, கமராவுக்குக் கீழே அண்ணையைப் போர்வையால் சுற்றி மைக்கோடு இருத்தினாள். போர்வைக்குள்ளிருந்து அவர் முணுமுணுத்தார்: "என்ரை முகத்துக்கு எப்பவும் இன்னொருத்தன்ரை குரல். இப்ப என்ரை குரலுக்கு உன்ரை முதுகா?"

பெண் கேட்டாள். என் மூக்கிலிருந்து ஒரு ஐஸ் குச்சி இறங்கி மேல் சட்டைப் பொத்தானைத் தொட்டது. அப்போது போர்வைக்குள்ளிருந்து கீச்சிட்டு, உடைந்து, மெதுவாக வந்தது: "ஓம்."

எனக்குச் சிரிப்பு. உதட்டைக் கடித்து அடக்கினால் தோள் குலுங்குகிறது. கெட்டது காரியம் என்று நினைத்தேன். இங்ரிட் கமராவை நிறுத்தாமல் ஓடவிட்டாள். வீட்டுக்கு வாறீங்களா என்றதும் திரேசா நண்டு சமைத்த குசினிதான் கண்ணில் வந்தது, வாய் தானாகச் சொல்லிப்போட்டுது என்று அண்ணை பிறகு சொன்னார். தயாரிப்பாளர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அவர் என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகிறார் என்பது விளங்குகிறது. குரல் இருக்கட்டும்."

தியேட்டரில்

படம் போட்ட அன்று எங்கள் சனம் பாதித் தியேட்டரை நிரப்பிவிட்டது. அண்ணை எனக்கும் திரேசாவுக்கும் நடுவில். கடைசிக் காட்சி வந்தது. பெரிய திரையில் என் முதுகு குலுங்குகிறது, நோர்வேக்காரர் மூக்கைத் துடைக்கிறார்கள். "ஓம்" என்ற குரல் வந்தபோது அண்ணை என் கையை நெரித்த நெரிப்பில் மோதிரம் வளைந்துவிட்டது. இன்றுவரை அது விரலை விட்டு வரவில்லை.

விளக்குப் போட்டதும் பின்வரிசையிலிருந்து பஸ் ஓட்டிய காலத்துச் சிநேகிதன் சின்னராசா எட்டி என் முதுகில் தட்டினான்:

"முதுகு அச்சொட்டா உன்ரைதான்ரா அருளப்பு. குரல்தான் கொஞ்சமும் பொருந்தேல்லை, ஆரோ ஒரு இத்தாலியன் உனக்கு ஓம் சொல்லியிருக்கிறான்."

அதை நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்ததும் அண்ணை தியேட்டரே திரும்பிப் பார்க்கத் தன் சொந்தத் தகரக் குரலில் சிரித்தார், ஆகச் சினிமாவில் நான் கண்டது இவ்வளவுதான்: குரலைப் பறிகொடுத்தவருக்கு அது ஒருநாள் திரும்பி வரும், முதுகைக் கொடுத்தவனுக்கு இடுப்பை நிமிர்த்த விடாத நாரிப்பிடிப்புத்தான் மிச்சம்.