பிக்கப்பின் பின்பக்கம் ஏறிய நாள்

டிப்ளோமா முடித்து, ஹல்துமுல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் வாகனப் பட்டறையில் நான் சேர்ந்த முதல் வருடம் நடந்தது இது.

தோட்டத்துப் பிக்கப் மேடேறும்போது கடுமையாக அதிர்ந்தது. பட்டியல் போட்டு வேலை செய்தேன். வீல் பேலன்ஸ், அலைன்மென்ட், இன்ஜின் மவுண்டிங் எல்லாம் சரிசெய்து, வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். குறை தெரியவில்லை. ஆனால் புகார் நிற்கவில்லை. சாரதி கிளட்ச்சைத் தவறாகப் பாவிக்கிறார் என்று தோட்ட நிர்வாகியான துரைக்கு எழுதிக் கொடுத்தேன். சாரதி செல்வராஜ் அண்ணனைத் தேயிலை மலையில் கூலி வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து, அதே பிக்கப்பில் போக வேண்டியிருந்தது. காய்ச்சலில் இருந்த ஒரு பெண்ணுக்கு முன் சீட்டைக் கொடுத்துவிட்டு, கொழுந்து பறிக்கும் பெண்களோடு பின்னால் ஏறினேன்.

"நடுவுல உக்காராதீங்க மிஸ், காலு மரத்துப் போகும்," என்றார் ஒரு அக்கா.

வண்டி மேடேறியதும் அதன் தரைத் தகட்டில் கை வைத்தேன். அதிர்வு அங்கேதான் இருந்தது. நிறுத்தச் சொல்லி அடியில் பார்த்தேன். பின் வீல்களைச் சுழற்றும் ஷாஃப்ட்டைத் தாங்கும் நடு பெயாரிங்கின் ரப்பர் கிழிந்து, ஷாஃப்ட் தொங்கியது. அது இறக்கத்தில் விழுந்திருந்தால், பின்னாலிருந்த அத்தனை பேரும் பள்ளத்தில்தான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா?"

"எங்ககிட்ட யாரு கேட்டா? செல்வராஜு சொன்னதயே நீங்க கேக்கல!"

உண்மைதான். ஆள் ஏற்றினால்தான் அதிர்கிறது என்று அவர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். நான் அதை எழுதிக்கொள்ளவில்லை.

தவறு என்னுடையது என்று துரைக்கு எழுதினேன். செல்வராஜ் அண்ணன் திரும்பி வந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லங்க மிஸ். எம் மகதான், வண்டிய ஒடச்சிட்டியாப்பான்னு தெனம் கேட்டுச்சு," என்றார்.

இப்போது எந்த வண்டி வந்தாலும், ஓட்டுபவரிடமும் பின்னால் போகிறவர்களிடமும் கேட்டு எழுதிய பிறகே ஸ்பேனரைத் தொடுகிறேன். பாரம் ஏற்றித்தான் ஓட்டிப் பார்க்கிறேன். சாரதியைக் குறை சொல்லி இன்னொரு கடிதம் நான் எழுதவில்லை.