கந்தப்பு வீட்டு போன் எங்கேஜ்

லிஃப்ட் கீழே இறங்கத் தொடங்கும் கணத்தில் நாம் ஏன் லேசாகிவிடுகிறோம்? அன்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியாது. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் பன்னிரண்டாவது மாடியில் இருந்துகொண்டு, தினமும் லிஃப்டில் ஏறி இறங்கிய சிவமலருக்கும் தெரியாது.

ஆனால் அவளுக்குத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. பள்ளி இறுதியான எஸ்.பி.எம். தேர்வில் மற்றப் பாடமெல்லாம் நன்றாக வந்து, இயற்பியல் மட்டும் காலை வாரிவிட்டது. எக்ஸ்ரே எடுக்கும் பயிற்சியில் சேர இயற்பியலில் வெறும் பாஸ் போதாது, கிரெடிட் கேட்டார்கள். நவம்பரில் மறுபடி எழுதி வாங்காவிட்டால் அத்தை பார்த்துவைத்திருக்கும் தையல் வகுப்புதான் கதி. ஊசியில் நூல் கோக்கவே அவளுக்குப் பொறுமை கிடையாது.

அது 1998. பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆசிரியர் இன்டர்நெட்டிலேயே இயற்பியல் சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்துகொண்டாள். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கம்ப்யூட்டரை டெலிபோன் வயரில் மாட்டினால், கோழியைப் பிடித்ததுபோல் கொஞ்ச நேரம் கத்திவிட்டு இணையும். ஆசிரியர் பாடத்தைத் தட்டச்சு செய்வார். படங்கள் மேலிருந்து கோடு கோடாக இறங்கி வரும். பாதி இறங்குவதற்குள் அம்மா புனிதவதி ஹாலில் உள்ள போனை எடுத்து "ஹலோ" என்பார். லைன் அறுந்துவிடும். இப்படிக் கப்பியைப் பார்த்தாள், அதில் தொங்கும் பாரத்தைப் பார்க்கவில்லை. ஊசலின் நூலைப் பார்த்தாள், குண்டைப் பார்க்கவில்லை. அவள் படித்த இயற்பியல் முழுவதும் இடுப்புக்கு மேலேதான்.

அப்பா கந்தப்புவின் சிக்கல் வேறு. ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற அவர்தான் அங்குள்ள யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கெல்லாம் சாவுச் செய்தி சொல்கிறவர். யாராவது கண்மூடினால் முதல் போன் அவருக்கு வரும். அவர் சுங்கை பூலோவிலிருந்து கிள்ளான் வரை எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்வார். அதனால் அவர் வீட்டு போன் வெகுநேரம் எங்கேஜ் என்றாலே சொந்தக்காரர்களுக்குப் புரிந்துவிடும், யாரோ போய்விட்டார்கள். வெள்ளைச் சேலையை எடுத்துவைத்துக்கொண்டு தங்களுக்கு மணி அடிக்கக் காத்திருப்பார்கள்.

தேர்வுக்கு முந்திய சனிக்கிழமை கடைசி வகுப்பு. பாடம், லிஃப்டில் எடை. 'இந்த வருஷம் கட்டாயம் வரும்' என்று ஆசிரியர் எழுதியிருந்தார். சிவமலர் ஹால் போன்மேல் தலையணையைப் போட்டு மூடினாள்.

"இன்னைக்கு மட்டும் தொடாதீங்கம்மா. தொட்டா என் எக்ஸ்ரே போச்சு."

ஒரு மணி நேரம் ஆனது, ஒன்றரையும் ஆனது. அந்த வீட்டு லைன் எங்கேஜ். யாருக்கும் செய்தி மட்டும் வரவில்லை. உறவுக்காரர்கள் தங்களுக்குள் விசாரித்துக்கொண்டார்கள். "உங்களுக்குச் சொன்னாரா?" "இல்லையே, உங்களுக்கு?" கந்தப்பு யாருக்குமே சொல்லவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். போனது கந்தப்பு.

கதவு தட்டப்பட்டபோது அவர் கைலியோடு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். திறந்தால், வெள்ளை உடுத்திய ஒரு கூட்டம். முன்னால் கிள்ளானிலிருந்து வந்த கூட்டாளி கனகலிங்கம், கையில் மலர்வளையம்.

"டேய், நீயா கதவைத் திறக்கிற?"

"என் வீட்டுக் கதவை வேற யார்டா திறப்பாங்க? யார் போனது?"

"நீதான் லா!"

கந்தப்புவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு யாரும் சொல்லலையே."

பின்னால் நின்ற மீனலோசனி மாமி அதற்குள் ஒப்பாரியை எடுத்துவிட்டார். நல்ல குரல். நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

"எல்லாம் இவளோட இன்டர்நெட்டால!" என்றார் புனிதவதி.

"மலர், லைனை விடு. நான் உயிரோட இருக்கேன்னு எல்லாருக்கும் சொல்லணும்."

"அஞ்சு நிமிஷம்பா! படம் இப்பதான் இறங்குது!"

திரையில் லிஃப்டுக்குள் நிற்கும் மனிதனின் தலை வந்திருந்தது. தோள் வந்தது. அதற்குள் கனகலிங்கம், "பொறு, நான் சொல்றேன்" என்று தலையணையைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தார். "ஹலோ?" மனிதன் இடுப்போடு நின்றுபோனான். கந்தப்பு போனைப் பிடுங்கிக்கொண்டு, "நான் கந்தப்பு பேசறேன், சாகலை" என்று வரிசையாக ஆரம்பித்துவிட்டார். வகுப்பு அவ்வளவுதான்.

சிவமலர் அழவில்லை. கனகலிங்கத்தை மேலும் கீழும் பார்த்தாள். நல்ல பருமன். அப்பாவின் எடை பார்க்கும் மெஷினைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள்.

"மாமா, நீங்கதானே கட் பண்ணீங்க? லிஃப்டுக்கு வாங்க."

"எதுக்கு பிள்ளை?"

"மீதிப் படத்துக்கு."

கனகலிங்கம், "இதைக் கொஞ்சம் பிடி" என்று மலர்வளையத்தைக் கந்தப்புவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கையில் போனும் மறு கையில் தன் மலர்வளையமுமாகக் கந்தப்பு பேசிக்கொண்டிருந்தார்.

லிஃப்டில் கனகலிங்கம் மெஷின்மேல் ஏறி நின்றதும் முள் தொண்ணூறைக் காட்டியது. துக்கத்துக்கு வந்த நாலைந்து பேரும் உள்ளே நெருக்கிக்கொண்டார்கள். லிஃப்ட் இறங்கத் தொடங்கியதும் முள் பின்னால் சரிந்தது.

"ஏய், நாலு கிலோ குறைஞ்சிட்டேன்!"

நடுவழியில் முள் பழைய இடத்துக்கே வந்தது. கீழே நிற்கப்போகும்போது தொண்ணூறையும் தாண்டியது.

"அட, கூடிடுச்சே! மேல போ பிள்ளை, திரும்ப இறங்குவோம்."

சிவமலருக்குப் புரிந்துவிட்டது. மாமா அதே மாமாதான். தரை வேகமெடுத்துக் கீழே போகும்போது அவர் கால் அதை முழுதாக அழுத்துவதில்லை. நிற்கும்போது தரை அவரை ஏந்திப் பிடிக்கிறது. அப்போது கூடுதலாக அழுத்துகிறது. மெஷினுக்குத் தெரிவது அந்த அழுத்தம் மட்டுமே. அன்று மாலை முழுக்க வெள்ளைச் சேலைக்காரிகள் முறை வைத்து ஏறி எடையைக் குறைத்துக்கொண்டார்கள்.

தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. படத்தில் மனிதன் கால்வரை இருந்தான். கிரெடிட் கிடைத்தது. சிவமலர் எக்ஸ்ரே பயிற்சியில் சேர்ந்தாள். கனகலிங்கத்தின் மார்பைக்கூட ஒருமுறை படம் எடுத்தாள்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. சுங்கை பூலோ பக்கம் சிலருக்கு அன்று கந்தப்புவின் போன் போய்ச் சேரவில்லை. அவர் போய்விட்டதாகவே இன்னும் நினைக்கிறார்கள். அவர் கூப்பிட்டால் குரலைக் கேட்டதும் அலறி போனை வைத்துவிடுகிறார்கள். ஆகையால் இதைப் படிக்கிறவர்கள், அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள்.