பன்னிரண்டாவது ஊளை

உலகத்துக் காதுகளையெல்லாம் தராசின் ஒரு தட்டில் குவித்து, மறு தட்டில் அத்தையின் இடது காதை மட்டும் வைத்தால், அத்தையின் தட்டுதான் தரையைத் தொடும். எறும்பு தும்மினால் எந்தப் புற்று, எந்தத் தெரு என்று சொல்லிவிடுவாள். கடவுள் கொட்டாவி விட்டதுகூட அவளுக்குக் கேட்டதாகவும், "வாயைப் பொத்திக்கிட்டு விடக் கூடாதா?" என்று அதட்டியதாகவும் கேள்வி.

வனத்துறையில் அவளுக்கு வேலை, நரிகளைப் பார்க்காமலே எண்ணுவது. மலைச்சரிவில் மூன்று மரங்களில் மூன்று ரெக்கார்டர்கள் கட்டியிருக்கும். பொழுது சாயும்போது நரிகள் ஊளையிடும். மறுநாள் காலை, ஜன்னலில்லாத அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்றையும் கேட்பாள். ஒரே குரல் மூன்றிலும் விழுந்திருந்தால் ஒரு நரி; ஒரே நொடியில் இரண்டு குரல் என்றால் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் பட்டப்பெயர் உண்டு. முடிவில் இழுப்பது இழுவை. நடுவில் வெட்டுவது விக்கல். மற்றவற்றை அடக்கிவிட்டுக் கத்துவது ஹெட்மாஸ்டர்.

இந்தத் தடவை ஐந்து நாள் கணக்கு. சரிவில் பன்னிரண்டு நரி இருந்தால் அது காடு. ஒன்று குறைந்தாலும் கல்குவாரி. நான்கு நாளில் பதினொன்று தேறியிருந்தது.

அதிகாரியின் அறையில் குவாரி மேனேஜர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, ஒரே நரி பதினோரு தடவை கத்தியிருந்தா?"

"உங்க குரலும் சார் குரலும் எனக்கு ஒண்ணாவா கேக்குது?" என்றாள் அத்தை. "பேசுற விஷயம் வேணா ஒண்ணா இருக்கலாம்."

அதிகாரியின் முகம் சிவந்தது. "வாய் நீளுது. ஒரே ஒரு நரி கூட்டி எழுதினது தெரிஞ்சாலும் மொத்தக் கணக்கும் குப்பைக்குப் போகும். இத்தனை வருஷம் நீங்க எண்ணினதும் சேர்ந்துதான்."

"என் தாள்ல பொய் இருந்தா நானே கொண்டுபோய்க் கொட்டுறேன்."

வீட்டில் தம்பி காத்திருந்தான். "நரிக்கு வக்காலத்து வாங்குறியே அக்கா, குவாரி வந்தா எனக்கு லாரி ஓட்ட வேலை கிடைக்கும்ல? கூடப்பொறந்தவன் குரல் மட்டும் காதுல விழாதா?"

"விழுதே. தினம் குறட்டையா விழுது."

அவன் தட்டைத் தொட்டிக்குள் வீசிவிட்டு வெளியே போனான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட அவன் மகள், இரண்டு பக்கமும் மூட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிறவள், அன்று மட்டும் சிரிக்கவில்லை. அத்தை சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

ஐந்தாம் நாள் பதிவு. மூன்றாவது ரெக்கார்டரில் புதுக் குரல்! பழைய பதினொன்றில் எதனுடையதும் அல்ல. மனசு முந்துவதற்குள் கை 'பன்னிரண்டு' என்று எழுதிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

உட்கார்ந்து மறுபடி கேட்டாள். மற்ற இரண்டு ரெக்கார்டர்களிலும் இந்தக் குரல் இல்லை; அந்த ஒரு மரத்தடியைத் தாண்டவில்லை. மூன்றாம் தடவை கண்ணை மூடிக் கேட்டாள். நரி மூச்சு தீரும்வரை கத்திவிட்டு ஓயும். இது நடுவில், பொங்கி வந்த சிரிப்பை ஒரு தரம் விழுங்கியது.

மதியம் தம்பி மகள் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். அத்தை ஹெட்போனை அவள் காதில் மாட்டினாள்.

"யாரு இது?"

"நரி, அத்தை."

"எந்த நரி?"

"எனக்கெப்படித் தெரியும்? நானென்ன அது கூடவா குடித்தனம் பண்றேன்?"

"இல்ல. என் கூடத்தான் பண்ற."

அவள் உதடு கோணியது. "ஒண்ணுதானே அத்தை குறையுது! நீ சாப்பிடவே மாட்டேங்கிற..."

"அவனுங்க ஒண்ணு குறைச்சா நான் சண்டைக்குப் போவேன். நான் ஒண்ணு கூட்டினா யாரு போவா?" அத்தை தாளை அவள் பக்கம் தள்ளினாள். "பன்னிரண்டை நீயே கோடு போட்டு அடி. காரணமும் எழுது."

இந்தக் கதையை எழுதுகிற அதே கையால் அவள் எழுதினாள்: 'பன்னிரண்டாவது குரல், கணக்கெடுப்பவரின் தம்பி மகள். நீக்கப்பட்டது. மொத்தம் பதினொன்று.'

அத்தை கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழித்தது. கேரியரைத் தன் பக்கம் இழுத்தாள்.

"முதல் தடவை நானே ஏமாந்துட்டேன்டி, கழுதை. இதை மட்டும் எவன்கிட்டயாவது சொன்ன, தோலை உரிச்சிடுவேன்."