டிரம் செட் ஏலம்

கடியப்பட்டணம் கடற்கரையில் மீன் ஏலம் விடுபவர் அவர். விரல்கள் சும்மா இருக்காது. மீன்பெட்டி, தொடை, எதிலாவது தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

மகள் பிரசவத்துக்கு வருவதால், அறையை அடைத்துக் கிடந்த, தான் வாசித்த பழைய டிரம் செட்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

"ஏலத்துலதான் தருவேன் மக்கா. கேளு."

"பத்தாயிரம் அண்ணே."

"பத்தாயிரம், பத்தாயிரம்..." என்று கூவியவர், அதே மூச்சில் "பதினொண்ணு!" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அறையில் வேறு ஆளில்லை. நான் ஏற்ற ஏற்ற அவரும் ஏற்றினார். கடைசியில் அவருக்கே விழுந்தது. எனக்கு எரிச்சல்.

"அடுத்த ஞாயிறு வா, அன்னைக்கு நான் கேக்க மாட்டேன்," என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

நான்கு ஞாயிறு போனேன். நான்காவது முறை டிரம்முக்குப் பக்கத்தில் தொட்டில் தொங்கியது. குழந்தை தூங்கியது. நான் மெல்ல "பத்தாயிரம்" என்றதும், தொட்டில் கயிற்றில் விரல்கள் தாளம் போட, "பதினொண்ணு" என்று கிசுகிசுத்தார்.