சர்க்கரை ஆண்பாலா, பெண்பாலா?

நான் நர்ஸ். ஜெர்மனிக்கு வேலைக்குப் போவதற்காக எட்டு மாதமாக ஜெர்மன் படிக்கிறேன். சனிக்கிழமை பேச்சுத் தேர்வு.

இன்று காலை ஸ்ரீரங்கம் பஸ் ஸ்டாப்பில் ஒரு வெளிநாட்டுப் பெரியவர் வியர்த்துக் கொட்டி, கை நடுங்க உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி பதறிப் பேசியது ஜெர்மன். இங்கிலீஷ் அவருக்கு வரவில்லை.

நாடி பிடித்துப் பார்த்தேன். சர்க்கரை இறங்கியிருக்கும் என்று தோன்றியது. கேட்கத்தான் வாய் வரவில்லை. ஜெர்மனில் சர்க்கரை ஆண்பாலா, பெண்பாலா? வினைச்சொல் எங்கே வரும்? தப்பாகக் கேட்டால் என்ன நினைப்பார்?

நான் தினமும் பூ வாங்கும் அக்கா அதட்டினார். "ஏம்மா, அவங்க பாஷையத்தானே படிக்கிற? வாயத் தொறந்து கேளும்மா!"

"கணவர் சர்க்கரை வியாதி? சாப்பாடு இல்லை?" என்று ஜெர்மனில் உளறினேன். இலக்கணமே இல்லை.

அந்த அம்மா "யா, யா!" என்று வேகமாகத் தலையாட்டினார். பூக்கார அக்கா ஓடிப்போய் ஜூஸ் வாங்கி வந்தார். கால் மணி நேரத்தில் பெரியவர் தெளிந்து சிரித்தார்.

கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ கேட்டார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. திரும்பக் கேட்கக் கூச்சம். "யா" என்று சொல்லிவிட்டேன். உடனே என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

எதற்குச் சம்மதித்தேன் என்று தெரியாமல் அப்போதிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் கூப்பிடும்போது என் பக்கத்தில் உட்கார யாராவது வருகிறீர்களா?